அலசிய பிறகும் கோகோபீட்டில் உப்பு பூக்கிறது: கடலூர், புதுவை ஆழ்துளைத் தண்ணீருக்கு என்ன வழி?

கெடிலக்கரை (மஞ்சக்குப்பம், கடலூர்)

அனைவருக்கும் வணக்கம். மொட்டைமாடியில் குரோ பேக்குகளில் தக்காளி, மிளகாய், பீன்ஸ் வைத்திருக்கிறேன். ஐந்து கிலோ கோகோபீட் (தென்னை நார்க்கழிவுத் துகள்) கட்டிகளை ஊறவைத்து, தண்ணீரின் செம்பழுப்பு நிறம் வெளுக்கும் வரை அலசிப் பிழிந்த பிறகே மண்புழு உரமும் சிறிது வேப்பம்புண்ணாக்கும் கலந்து பைகளை நிரப்பினேன். தொடக்கத்தில் வளர்ச்சி நன்றாகவே இருந்தது. பூக்கும் பருவம் வந்ததும் பீன்ஸ் இலைகளின் ஓரம் கருகத் தொடங்கியது. அடுத்து மிளகாயின் அடியிலைகள் நுனி தீய்ந்தன. தக்காளிச் செடி பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும் காய்களின் அடிப்பகுதி கருத்து உள்ளே அழுந்திவிடுகிறது. பைகளின் விளிம்பிலும் வடிதுளைகளைச் சுற்றியும் வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது.

பாய்ச்சுவது எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான்; டி.டி.எஸ். (மொத்தக் கரைபொருள்) மீட்டரில் 680 பி.பி.எம். காட்டுகிறது. வாரம் ஒருமுறை 19:19:19 உரத்தை (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ளது) லிட்டருக்கு 2 கிராம் வீதம் கரைத்து ஊற்றுகிறேன். இடையிடையே பஞ்சகவ்யா தெளிக்கிறேன். தக்காளிப் பையின் அடியில் வடிந்த நீரைக் கிண்ணத்தில் பிடித்து அதே மீட்டரை வைத்தபோது 2,400 காட்டியது, பி.எச். பேனாவில் 7.9 வந்தது.

நான் அறிய விரும்புபவை இவை. அலசிய கோகோபீட்டில் இவ்வளவு உப்பு எங்கிருந்து வருகிறது? பி.எச். அளவைக் குறைக்க எலுமிச்சைச் சாறோ வினிகரோ போதுமா? வீட்டு ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் தண்ணீரை வீணாக்காமல் இந்தப் பைகளுக்குப் பயன்படுத்தலாமா?

வில்லியனூர் மாடி

வணக்கம் ஐயா. கோகோபீட்டைப் பாதியாகக் குறைத்துச் செம்மண் கலந்துவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது என்பது என் எண்ணம். எங்கள் வீட்டில் ஆர்.ஓ. கழிவுநீரைக் குரோட்டன்ஸுக்கும் செம்பருத்திக்கும் ஊற்றுகிறோம். அவை நன்றாகவே இருக்கின்றன.

நாற்றங்கால் பாகூர்

ஐயா, தண்ணீர் வெளுத்துவிட்டால் உப்பும் போய்விட்டது என்று பலரும் நம்புகிறார்கள். அந்தப் பழுப்பு நிறம் டானின், உப்புக்கு நிறமில்லை. நிறம் நிறையத் தங்கியிருந்தும் உப்பு குறைவான கட்டிகளும் உண்டு. பளிச்சென்று தெளிந்த நீரில் உப்பு மிகுந்திருப்பதும் உண்டு. மீட்டர் ஒன்றுதான் இதற்குச் சாட்சி.

தென்னை இயல்பாகவே குளோரைடை விரும்பி எடுத்துக்கொள்ளும் மரம். கன்று நடும் குழியில் கல்லுப்புப் போடும் வழக்கம் நம் பக்கத்தில் நிலைத்திருப்பதற்கு அதுவே காரணம். ஆகவே மட்டையிலும் அதிலிருந்து உதிரும் நார்க்கழிவிலும் பொட்டாசியம், சோடியம், குளோரைடு ஆகியவை இயற்கையாகவே அதிகம். மட்டையை உவர்நீரில் ஊறவைத்து நார் பிரித்திருந்தால் அது இன்னும் கூடும். அலசும்போது இவற்றில் நீரில் கரைந்து நிற்கும் பகுதி மட்டுமே வெளியேறுகிறது. மீதிப் பொட்டாசியமும் சோடியமும் துகளின் பரப்பில் எதிர்மின்னேற்றம் கொண்ட இடங்களில் பற்றிக்கொண்டிருக்கும். அவற்றை வெறும் தண்ணீர் எத்தனை முறை ஊற்றினாலும் பெரிதாக அசைக்காது.

பின்னர் கால்சியமோ மக்னீசியமோ வந்து சேரும்போது, இரட்டை மின்னேற்றம் கொண்ட அவை அந்த இடங்களைப் பிடித்துக்கொண்டு சோடியத்தையும் பொட்டாசியத்தையும் வெளியே தள்ளுகின்றன. செடிக்கென்று கொடுத்த கால்சியம் துகளில் தங்கிவிட, வேரைச் சுற்றியுள்ள நீரில் சோடியம் ஏறிக்கொண்டே போகிறது. மிகுந்திருக்கும் பொட்டாசியமும் கால்சியத்தை வேர் எடுப்பதற்குப் போட்டியாக நிற்கிறது. தக்காளியின் அடிக்கறுப்புக்கு உங்கள் பைகளில் இது முக்கியக் காரணம் என்றே கருதுகிறேன். அதற்கு மேல் 19:19:19 உரத்தில் கால்சியம் சிறிதும் இல்லை. தேவைக்கு மிஞ்சிய பொட்டாஷோ நிறைய இருக்கிறது. நிலத்துப் பயிருக்குப் பொருந்தும் அந்த உரத்தை மட்டும் நம்பி கோகோபீட்டில் காய்கறி எடுப்பது கடினம்.

நாங்கள் குழித்தட்டு நாற்றுகளுக்குச் செய்யும் முறையைச் சொல்கிறேன். கட்டியை உதிர்த்து ஒருமுறை நன்றாக அலசியபின், அடியில் குழாய் பொருத்திய பிளாஸ்டிக் டிரம்மில் போட்டு, லிட்டருக்கு 1.5 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்த நீரை மூழ்கும்படி ஊற்றி இரவு முழுவதும் விட வேண்டும். இந்த அளவு, தண்ணீரின் இ.சி.யோடு (கரைந்த உப்பைக் காட்டும் மின்கடத்துதிறன்) ஏறத்தாழ 1.8 மில்லிசீமன்ஸ் சேர்க்கும். காலையில் குழாயைத் திறந்து வடியவிட்டு அந்த நீரை அளந்தால், ஊற்றியதைவிடக் கூடுதலாகக் காட்டும். வெளியேறிய சோடியமும் பொட்டாசியமும் அதில் இருக்கின்றன. அதன்பின் நல்ல தண்ணீரால் அலசி, வடிநீரின் இ.சி. ஊற்றும் தண்ணீரின் இ.சி.யைவிட 0.3 முதல் 0.5 வரை மட்டுமே கூடுதலாக இருக்கும் நிலைக்குக் கொண்டுவந்தால் போதும். ‘குறைந்த இ.சி.’ என்று முத்திரையிட்டு விற்கும் கட்டிகளிலும் பற்றியிருக்கும் சோடியம் முழுவதும் போயிருக்கும் என்று சொல்ல முடியாது. கால்சியத்தில் ஊறவைத்துத் தயாரித்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

கெடிலக்கரை

மிகத் தெளிவான விளக்கம், நன்றி. ஆனால் செடிகள் நிற்கின்றன. பையைக் கொட்டி ஊறவைக்க வழியில்லை. நின்ற பயிரில் என்ன செய்யலாம்? வீட்டில் உள்ளவர்கள் இரசாயன உரத்தை இயன்றவரை தவிர்க்க விரும்புகிறார்கள் என்பதால், கால்சியம் நைட்ரேட்டுக்கு மாற்று உண்டா என்பதையும் சொல்லுங்கள்.

தாழங்குடா உழவர்

கோகோபீட் என்பது உரச்சத்து இல்லாத, இன்னும் மக்கிமுடியாத பொருள் என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். மக்காத நார்க்கழிவில் கரிமம்-தழைச்சத்து விகிதம் 100-க்கு 1 என்பதற்கும் மேல் இருக்கும். அது மக்கும்போது செடிக்குப் போக வேண்டிய தழைச்சத்தை நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் முறையில், ஒரு டன் நார்க்கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காக இட்டு ஈரம் காத்து மக்கவைத்தால், அந்த விகிதம் 24-க்கு 1 என்ற அளவுக்கு இறங்குகிறது. மக்கிய நார்க்கழிவை மழையில் ஒரு பருவம் போட்டுவைத்துப் பயன்படுத்தும் எங்களுக்கு இலைக் கருகல் அரிதாகவே வருகிறது.

மாற்று என்று கேட்டீர்கள். ஜிப்சம் இருக்கிறது. நம் மாவட்டத்தில் நிலக்கடலை போடுபவர்கள் பூக்கும் தருவாயில் மண் அணைக்கும்போது ஜிப்சம் இடுவது வழக்கம். அது பூமியில் வெட்டியெடுக்கும் கனிமம், வேளாண் விரிவாக்க மையத்திலும் உரக்கடையிலும் மலிவாகக் கிடைக்கும். முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டால் போதும் என்று பலர் எழுதுகிறார்கள். ஓடு கரைந்து கால்சியம் வெளிவர நெடுநாள் ஆகும், அதுவும் பி.எச். 7.9 இருக்கும் பையில் அது அப்படியே கிடக்கும்.

நாற்றங்கால் பாகூர்

ஜிப்சம் குறித்து உழவர் ஐயா சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். அது லிட்டருக்கு ஏறத்தாழ 2.4 கிராம் வரைதான் கரையும் என்பதால் அளவு மீறி வேரைச் சுடும் அபாயம் குறைவு, பி.எச். அளவையும் மாற்றாது. சுண்ணாம்பு அப்படியன்று, உங்கள் தண்ணீருக்குச் சுண்ணாம்பு எந்த வடிவிலும் வேண்டாம். இருபது லிட்டர் பைக்கு இரண்டு மேசைக்கரண்டி ஜிப்சத் தூளை மேலே தூவிக் கிளறிவிட்டு நீர் ஊற்றுங்கள். கால்சியம் நைட்ரேட் ஓரிரவில் செய்யும் வேலையை இது பல பாசனங்களில் மெதுவாகச் செய்யும்.

நின்ற பயிருக்கு: காலை வெயில் ஏறும் முன், பையின் கொள்ளளவைப் போல் இரண்டு மடங்கு தண்ணீரைப் பூவாளியால், ஒரே மூச்சில் கொட்டாமல் பல தவணைகளாகப் பிரித்து ஊற்றுங்கள். வேகமாக ஊற்றினால் நீர் பையின் ஓரத்து இடுக்கு வழியே ஓடிவிடும், நடுவிலுள்ள உப்பு அப்படியே இருக்கும். அந்தத் தண்ணீரில் லிட்டருக்கு அரை கிராம் கால்சியம் நைட்ரேட்டாவது இருக்கட்டும். அதை விரும்பாவிட்டால் முதல் நாளே ஜிப்சம் கரைத்துத் தெளியவைத்த நீரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பைகளைச் செங்கல் மேல் ஏற்றி வைத்த பிறகே இதைச் செய்ய வேண்டும். தளத்தில் நேரே உட்கார்ந்திருக்கும் பையைச் சுற்றி வடிநீர் தேங்கி, மாலையில் அதே உப்புநீர் அடித்துளை வழியே மீண்டும் உள்ளே ஏறுவதைப் பல மாடிகளில் பார்த்திருக்கிறேன். பையைத் தூக்கிப் பாருங்கள். அடியில் வட்டமாக வெள்ளைக் கறை இருந்தால் அது நடக்கிறது என்று பொருள்.

வடிந்த நீர் வீணாகாது. வீட்டில் தென்னை இருந்தால் அதன் அடியில் விடுங்கள். வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் வேண்டாம்.

நீர்ச்சோதனை (லாஸ்பேட்டை, புதுச்சேரி)

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பணிபுரிபவன் என்ற முறையில் பி.எச். பற்றி எழுதுகிறேன், இதுவரை பேசியவர்கள் கோகோபீட்டையே விசாரித்தார்கள், ஆனால் 7.9 என்ற அளவுக்குக் கோகோபீட் காரணமில்லை. நார்க்கழிவு தன்னளவில் 5.5-க்கும் 6.8-க்கும் இடைப்பட்ட இலேசான அமிலப் பொருள். அதை 7.9-க்கு ஏற்றியது உங்கள் தண்ணீரில் உள்ள பைகார்பனேட்.

தண்ணீரின் பி.எச். வேறு, காரத்தன்மை வேறு. பி.எச். என்பது அந்தக் கணத்தின் அளவு. காரத்தன்மை என்பது அந்த நீர் எவ்வளவு அமிலத்தை விழுங்கிவிட்டு அசையாமல் நிற்கும் என்பதன் அளவு. இரண்டு வீட்டுத் தண்ணீருமே பேனாவில் 7.8 காட்டலாம், ஒன்றில் காரத்தன்மை லிட்டருக்கு 60 மில்லிகிராமும் மற்றொன்றில் 350 மில்லிகிராமும் இருக்கலாம். முதலாவது கோகோபீட்டை ஒன்றும் செய்யாது. இரண்டாவது ஒவ்வொரு பாசனத்திலும் பைகார்பனேட்டைச் சேர்த்துச் சேர்த்துப் பையின் பி.எச். அளவை எட்டை நோக்கித் தள்ளும். சுடுதண்ணீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படலம் கனமாகப் படிகிறதென்றால், உங்களுடையது இரண்டாவது வகை.

வினிகரும் எலுமிச்சையும் பேனாவில் உடனே எண்ணை இறக்கிக் காட்டும். ஆனால் அசிட்டிக் அமிலத்தையும் சிட்ரிக் அமிலத்தையும் பையிலுள்ள நுண்ணுயிர்கள் உண்டு தீர்த்துவிடும். அவை தீரும்போது நாம் ஒழித்ததாக நினைத்த பைகார்பனேட் திரும்ப உருவாகிவிடும். மண்புழு உரம் கலந்த பையில் இது விரைவாகவே நடக்கும். வணிகமுறைப் பண்ணைகள் நைட்ரிக் அல்லது பாஸ்பாரிக் அமிலம் சேர்ப்பது இந்தக் காரணத்தால்தான். நைட்ரிக் அமிலத்தை வீட்டு மாடிக்குக் கொண்டுவரவே வேண்டாம். பேட்டரி அமிலமும் கூடாது. பாஸ்பாரிக் அமிலத்திலும் ஒரு எல்லை உண்டு: காரத்தன்மை மிகுந்த நீரை முழுவதும் அதைக் கொண்டே சரிசெய்தால் மணிச்சத்து தேவையைப் போல் பல மடங்கு சேர்ந்து, இரும்பையும் துத்தநாகத்தையும் செடிக்குக் கிடைக்காமல் செய்துவிடும்.

ஆகவே நம் கடற்கரை ஊர்களுக்கு நான் முதலில் சொல்வது மழைநீர். தமிழகத்தில் 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அந்தக் குழாய் பெரும்பாலும் நேரே நிலத்துக்குள் இறங்குகிறது. அதில் ஒரு கிளை எடுத்துத் தொட்டியில் விடுங்கள். பத்து சதுர மீட்டர் தளத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 100 லிட்டர். ஆழ்துளைத் தண்ணீரோடு சரிபாதி கலந்தாலே உப்பும் காரத்தன்மையும் ஏறத்தாழ பாதியாகிவிடும். அதற்குப் பிறகு தேவைப்படும் அமிலம் மிகக் குறைவு.

ஆர்.ஓ. கழிவுநீர் கோகோபீட்டுக்குக் கூடாது. உங்கள் 680 பி.பி.எம். தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு குடிநீராகப் பிரிந்து, அதில் 60 பி.பி.எம். இருக்கிறதென்றால், கழிவாக வரும் இரண்டு பங்கில் ஏறத்தாழ 990 பி.பி.எம். இருக்கும், காரத்தன்மையும் அதே விகிதத்தில் கூடியிருக்கும். தரை கழுவவும் கழிப்பறைக்கும் அது நல்ல நீர். ‘சாஃப்ட்னர்’ பொருத்திய வீடுகளில் அந்த நீரும் வேண்டாம். அது கால்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தைக் கொடுக்கும் கருவி.

இன்னொரு குறிப்பு. டி.டி.எஸ். மீட்டர்கள் உப்பை எடைபோடுவதில்லை. மின்கடத்துதிறனை அளந்து ஒரு நிலையான எண்ணால் பெருக்கிக் காட்டுகின்றன. நம் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் 0.5 என்ற பெருக்கைக் கொண்டவை, 0.7 கொண்டவையும் உண்டு. உங்களுடையது முதல் வகை என்று கொண்டால் தண்ணீர் 1.36, வடிநீர் 4.8 மில்லிசீமன்ஸ். இவ்விழையில் இனி எல்லோரும் இ.சி.யிலேயே எழுதினால் குழப்பம் இராது.

வில்லியனூர் மாடி

ஐயா விளக்கியது புரிகிறது. ஆயினும் ஒரு ஐயம். எங்கள் தெருவில் பலரும் இதே தண்ணீரைத் தரையிலுள்ள தோட்டத்துக்கும் பாய்ச்சுகிறார்கள், அங்கே பி.எச். 8 இருந்தும் கத்தரியும் வெண்டையும் காய்க்கின்றனவே? குடிப்பதற்குத் தகுந்த தண்ணீர் செடிக்கு எப்படி ஆகாமல் போகும்?

நீர்ச்சோதனை

நல்ல கேள்வி அம்மா. இந்தியத் தரநிலை 10500, குடிநீரில் மொத்தக் கரைபொருள் 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீராதாரம் இல்லாதபோது 2,000 வரை அனுமதிக்கலாம் என்றும் சொல்கிறது. நாம் குடித்ததில் மிஞ்சிய உப்பைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். குரோ பேக்கில் செடி தண்ணீரை எடுத்துக்கொண்டு பெரும்பாலான சோடியத்தையும் குளோரைடையும் பையிலேயே விட்டுவிடுகிறது. அடியில் வடிந்தாலன்றி அது போக வேறு வழியில்லை. பையிலுள்ள நீர் பாதியாக வற்றினால் அதன் இ.சி. இருமடங்கு.

தரையில் வேர் ஆழமாகவும் அகலமாகவும் ஓடி நல்ல பகுதியைத் தேடிக்கொள்ளும். வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் உப்பைக் கீழே இறக்கிவிடும். இருபது லிட்டர் பையில் இந்த இரண்டுமே இல்லை. பயிருக்குப் பயிர் தாங்கும் திறனும் மாறும். மண்ணின் செறிவுச் சாற்றில் (நீரால் நிறைத்த மண்ணிலிருந்து பிரித்தெடுத்த நீரில்) இ.சி. பீன்ஸுக்கு 1.0, மிளகாய்க்கு 1.5, தக்காளிக்கு 2.5 மில்லிசீமன்ஸைத் தாண்டியதும் விளைச்சல் குறையத் தொடங்கும் என்பது பாசன நூல்களில் காணும் கணக்கு. கெடிலக்கரை ஐயாவின் மாடியில் கருகல் வந்த வரிசையும் அதுதான்.

பண்ருட்டி விதை

அளக்கும் முறை பற்றி யாரும் விரிவாக எழுதவில்லை. வடிநீரை எப்போது, எப்படிப் பிடிக்கிறோம் என்பதைப் பொறுத்து எண் பெரிதும் மாறும். வழக்கம்போல் முழுமையாக நீர் ஊற்றி ஒரு மணி நேரம் விட வேண்டும். பிறகு பையின் கீழ் சுத்தமான தட்டை வைத்து, மேலே ஒரு டம்ளர் காய்ச்சி வடித்த நீரையோ மழைநீரையோ மெதுவாக ஊற்றினால், அந்த நீர் வேரைச் சுற்றியுள்ள பழைய நீரை முன்னே தள்ளிக்கொண்டு வரும். முதலில் விழும் 50 மில்லியை மட்டும் அளவுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். தட்டில் நெடுநேரம் வெயிலில் கிடந்த நீரை அளந்தால் கிடைக்கும் எண் பையினுடையது அன்று.

வெப்பமும் முக்கியம். ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 2 சதவீதம் இ.சி. கூடும், வெப்ப ஈடு இல்லாத மீட்டர் மாடித் தொட்டியின் நண்பகல் வெந்நீரில் மிகுத்துக் காட்டும். பி.எச். பேனாவை 4.01, 7.00 என்ற இரு கரைசல்களிலும் சரிபார்க்காமல் அதன் எண்ணை நம்பி அமிலம் சேர்க்காதீர்கள். முனை உலர்ந்துபோன பேனா எந்தத் தண்ணீருக்கும் ஏறத்தாழ ஒரே எண்ணையே காட்டும்.

பலரும் கவனிக்காத இன்னொன்று: யூரியா மின்சாரத்தைக் கடத்தாது. 19:19:19 உரத்தில் தழைச்சத்தில் பாதிக்கு மேல் யூரியா வடிவில் இருப்பதால், உரக்கரைசலின் வீரியத்தை இ.சி. மீட்டர் குறைத்தே காட்டும். மீட்டர் குறைவாகக் காட்டுகிறதே என்று உரத்தைக் கூட்டுபவர்கள் உண்டு.

கோடையில் பை காயக் காயவிட்டு ஒருமுறை நிறைய ஊற்றுவது கோகோபீட்டுக்கு ஒவ்வாத பழக்கம். மண்தொட்டிக்குப் பொருந்தும் அந்த முறையை இங்கே கடைப்பிடித்தால், வற்றும் நேரமெல்லாம் வேர் செறிந்த உப்புநீரில் நிற்கும். காலையும் மாலையும் சிறிது சிறிதாக ஊற்றி, ஊற்றியதில் பத்தில் ஒன்று முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை வடியும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

தாழங்குடா உழவர்

மழையின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் அங்கே 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நீர் தேங்காத உயரத்தில் இருந்த பைகளில் உப்பு என்பதே இல்லாமல் போனது. கூடவே தழைச்சத்தும் மக்னீசியமும் போயின. அடுத்து வந்த நாட்களில் அடியிலைகளின் நரம்பிடையில் மஞ்சள் பரவியதை நோய் என்று நினைத்துப் பூஞ்சாணக்கொல்லி தெளித்தவர்கள் எங்கள் ஊரில் பலர். பெருமழைக்குப் பிறகு லிட்டருக்கு அரை கிராம் எப்சம் உப்பும் (மக்னீசியம் சல்பேட்), மறுநாள் தனியாக ஒரு தழைச்சத்து ஊட்டமும் கொடுப்பதே அப்போது தேவைப்பட்டது. எப்சம் உப்பையும் கால்சியம் நைட்ரேட்டையும் செறிவாக ஒன்றாய்க் கரைக்காதீர்கள்; ஜிப்சமாக மாறி வாளியின் அடியில் படிந்துவிடும்.

கெடிலக்கரை ஐயா தெளிக்கும் பஞ்சகவ்யாவிலும் உப்பு உண்டு. ஆனால் நூறு லிட்டருக்கு 3 லிட்டர் என்ற அளவில் இலையில் தெளிப்பதோடு நிறுத்திக்கொண்டால் அது பையின் இ.சி.யைத் தொடாது.

கெடிலக்கரை

ஒவ்வொருவர் சொன்னதையும் செயல்படுத்திய பின் எழுதுகிறேன். தண்ணீரை ஆய்வுக்கூடத்தில் கொடுத்ததில் காரத்தன்மை 320, சோடியம் 170, குளோரைடு 210, கால்சியம் 64, மக்னீசியம் 34 மில்லிகிராம் என்று வந்தது. பைகளைத் தூக்கிப் பார்த்தபோது பாகூர் நண்பர் எழுதியபடி அடியில் வெள்ளை வளையம் இருந்தது. எல்லாவற்றையும் செங்கல் மேல் ஏற்றிவிட்டேன். வீட்டில் கலந்து பேசி, இப்போதைக்குக் கால்சியம் நைட்ரேட்டையும் தொடர்ந்து ஜிப்சத்தையும் பயன்படுத்துவது என்று முடிவு செய்தோம். தக்காளிப் பையின் வடிநீர் 4.8-இலிருந்து 2.3-க்கு இறங்கியிருக்கிறது. மிளகாயில் புதிதாக வரும் இலைகளில் கருகல் இல்லை. தக்காளியில் கறுத்த காய்களைப் பறித்துவிட்டேன். இப்போது பிடித்துள்ள பிஞ்சுகளின் அடி பச்சையாக இருக்கிறது. பீன்ஸ் செடிகள் மீளவில்லை.

பி.எச். மட்டும் 7.4-இல் நிற்கிறது. மிளகாயின் கொழுந்து இலைகளில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி வெளிறியும் தெரிகிறது. கடையில் இரும்பு ஈ.டி.டி.ஏ. (செடிக்குக் கிடைக்கும்படி இரும்பைப் பிணைத்த உரம்) தருகிறார்கள், வாங்கலாமா? எனக்கு மழைநீர் இப்போது கைவசமில்லை, ஆர்.ஓ.வின் குடிநீர் நாளுக்குச் சில லிட்டர் கிடைக்கும்.

நீர்ச்சோதனை

ஆய்வறிக்கையைப் பார்த்தேன். உங்கள் தண்ணீரில் உள்ள 320 காரத்தன்மை லிட்டருக்கு 6.4 மில்லிசமானம் (அமிலத்தோடு ஈடுகட்டிக் கணக்கிடும் அலகு). குடிநீர் ஆர்.ஓ. நீரைச் சரிபாதி கலந்தால் அது 3.2 அளவுக்கு இறங்கும்; அதில் ஒன்றை விட்டுவைத்து 2.2 அளவை மட்டும் அமிலத்தால் நீக்கினால் போதும். அதில் பாதியை 85 சதவீதப் பாஸ்பாரிக் அமிலத்தால் நீக்க, பத்து லிட்டருக்கு முக்கால் மில்லி தேவைப்படும். கையுறை, கண்ணாடி அணிந்து, தண்ணீரில் அமிலத்தை விட வேண்டும், அமிலத்தில் தண்ணீரை விடக் கூடாது. மீதிப் பாதிக்கு அமோனியம் சல்பேட்டை மிகச் சிறிய அளவில், வாரம் ஒருமுறை லிட்டருக்கு கால் கிராம், கொடுத்துப் பாருங்கள். அதிலுள்ள அமோனியத்தை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றும்போது வேர்ப்பகுதியில் அமிலம் உண்டாகும். எல்லாப் பைகளுக்கும் ஆர்.ஓ. நீர் போதாதென்றால் மிளகாய்க்கு மட்டும் முன்னுரிமை கொடுங்கள்.

இரும்பு ஈ.டி.டி.ஏ. பி.எச். 6.5-க்கு மேல் நிலைக்காது, 7.4-இல் அதைப் பையில் இட்டால் பணம் வீண். அதை இலைவழித் தெளிப்பாக, மாலையில், மிக மெலிதாகப் பயன்படுத்தலாம். வேரில் இடுவதென்றால் டி.டி.பி.ஏ. வகை 7.5 வரை தாங்கும், ஈ.டி.டி.எச்.ஏ. வகை அதற்கு மேலும் தாங்கும், விலை அதிகம்.

பாகூர் நண்பர் பி.எச். 5.8-ஐ இலக்காகக் கொள்வார் என்று நினைக்கிறேன். அது வெறும் கோகோபீட்டும் முழு உரக்கரைசலும் உள்ள அமைப்புக்குச் சரி. மண்புழு உரம் கலந்த பையில் 6.8-க்குக் கீழ் வந்து நின்றாலே நிறுத்திக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாளும் எண்ணைத் துரத்தி அமிலம் ஊற்றுவது செடிக்கு நல்லதன்று.

நாற்றங்கால் பாகூர்

குழித்தட்டில் எங்களுக்கு 5.8 வேண்டும், வீட்டுப் பைக்கு நீங்கள் சொன்ன 6.8 போதும் என்பதில் எனக்கு மறுப்பில்லை.

கெடிலக்கரை ஐயா, பீன்ஸ் இருந்த பைகளை அப்படியே விட்டுவைக்காதீர்கள். காய்ந்த பை மிக விரைவில் உப்பு ஏறிக் கெட்டியாகிவிடும். செடியை அடியோடு வெட்டி, தடித்த வேர்களை அகற்றி, கோகோபீட்டை டிரம்மில் கொட்டி முன்பு எழுதிய கால்சியம் ஊறலை ஒருமுறை கொடுங்கள். துகள் நொறுங்கித் தூளாகியிருந்தால் நீர் தேங்கும். அப்போது கால் பங்கு புதிய நார்த்துண்டுகளைச் சேர்க்க வேண்டும். அதே பையில் வெயிற்காலத்துக்குத் தட்டைப்பயறு போடுங்கள். அது பீன்ஸைவிட உப்பை நன்றாகவே தாங்கும், வெயிலையும் தாங்கும். பீன்ஸ் விதையை மழை முடிந்து தொட்டியில் மழைநீர் நிறைந்திருக்கும் காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கெடிலக்கரை

தட்டைப்பயறு விதை வாங்கியாயிற்று. மழைநீர்க் குழாயில் கிளை எடுத்து 500 லிட்டர் தொட்டி வைக்கப் பிளம்பரிடம் சொல்லியிருக்கிறேன். முதல் மழையின் தளத்து அழுக்கு தொட்டிக்குள் இறங்காமல் வெளியேற்றும் திருகு எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று அவர் கேட்கிறார், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பண்ருட்டி விதை

உயரத்தைவிடக் கொள்ளளவைப் பாருங்கள். தளத்தின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஒரு லிட்டர் வீதம் பிடிக்கும் குழாய்த்துண்டு ஒன்றைத் தொட்டிக்குச் செல்லும் கிளைக்கு முன்பாகச் செங்குத்தாக இறக்கி, அதன் அடியில் திருகு மூடி வைக்கச் சொல்லுங்கள். அது நிறைந்த பின் வரும் நீரே தொட்டிக்குப் போகும். மழை நின்றதும் மூடியைத் திறந்து காலி செய்துவிட வேண்டும். இல்லையென்றால் அடுத்த மழையின் அழுக்கு நேரே தொட்டியில் இறங்கும்.